ஓக்லஹோமா 2018: வரிக்குறைப்பை விட்டுப் பள்ளிக்கூடத்தின் பக்கம் வந்த வணிகர்கள்

2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தது. எண்ணெய், வங்கி எனப் பல துறைகளின் பெரிய முதலாளிகள் ஒன்றுகூடி, வரியை உயர்த்துங்கள், அதில் எங்கள் பங்கையும் சேர்த்து உயர்த்துங்கள், வரும் பணத்தில் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5,000 டாலர் கூடுதல் சம்பளம் கொடுங்கள் என்று மாநில அரசிடம் கேட்டார்கள். கூட்டணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்டெப் அப் ஓக்லஹோமா’. நான்கே ஆண்டுகளுக்கு முன்பு வரியைக் குறைக்கச் சொல்லி ஆளுநர் மாளிகையின் படியேறிய அதே வட்டாரம்தான் இது.

ஒரே மாதத்தில் அந்தத் திட்டம் சட்டமன்றத்தில் தோற்றது. அதற்கடுத்த ஆறு வாரங்களில் ஏறக்குறைய அதே அளவு சம்பள உயர்வு, இன்னும் கூடுதலான எண்ணெய் வரியோடு, சட்டமானது. முதலாளிகளால் முடியாததை யார் செய்தார்கள், முதலாளிகள் ஏன் மனம் மாறினார்கள், அந்த மாற்றம் எத்தனை நாள் நீடித்தது என்பவைதான் இந்த ஆய்வின் கேள்விகள். என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வணிகர்களின் மனமாற்றம் நாடகம் அல்ல, ஆனால் அது தாமதமாக வந்தது. அதைச் சட்டமாக்கும் பலம் அவர்களிடம் இல்லை. தெருவில் இறங்கிய ஆசிரியர்களிடம் இருந்தது.

பூட்டு

கதை 1990இல் தொடங்குகிறது. அப்போதும் ஓக்லஹோமாவில் பள்ளிகளின் நிலை மோசம். ஆளுநர் ஹென்றி பெல்மன் குடியரசுக் கட்சிக்காரர், கோதுமை விவசாயி, பிடிவாதக்காரர். டல்சா நகரத் தொழிலதிபர் ஜார்ஜ் சிங்கர் தலைமையில் அமைந்த குழு ஒன்று, வகுப்பறைகளில் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பது, ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துவது, அதற்கென வரியைக் கூட்டுவது என்று பரிந்துரைத்தது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1990 ஏப்ரலில் ஆசிரியர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகே அந்த மசோதா நிறைவேறியது. அதன் எண்ணான 1017 இன்றும் ஓக்லஹோமா ஆசிரியர்கள் வாயில் புழங்கும் எண்.

வரி எதிர்ப்பாளர்கள் விடவில்லை. 1991இல் சட்டத்தை ரத்துசெய்யப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். 54க்கு 46 சதவீதம் என்ற கணக்கில் தோற்றார்கள். உடனே வேறு வழியைப் பிடித்தார்கள். இருந்த வரியை நீக்க முடியாவிட்டால், இனி வரவிருக்கும் வரியையாவது தடுக்கலாம் அல்லவா? 1992 மார்ச்சில் 640ஆம் எண் அரசியலமைப்புத் திருத்தம் மக்கள் வாக்குக்கு வந்தது. இனி எந்த வரியை உயர்த்தவேண்டுமானாலும் இரண்டு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், இல்லையென்றால் பொதுத்தேர்தலில் மக்களிடம் கேட்கவேண்டும் என்றது அது. 56 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது.

101 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில் இதற்கு 76 வாக்குகள் வேண்டும். 48 பேர் கொண்ட செனட்டில் 36. வரியைக் குறைப்பதற்கோ சாதாரணப் பெரும்பான்மை போதும், அதாவது 51ம் 25ம். இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் நடந்த எல்லாமே இதைச் சுற்றித்தான். ஒரு ஆண்டின் உற்சாகத்தில் எவரும் எளிதாக வரியை இறக்கிவிடலாம். இறக்கியதை மறுபடி ஏற்ற ஒரு தலைமுறை காத்திருக்கவேண்டும். 1992க்குப் பிறகு 2018 வரை இந்தச் சட்டமன்றத்தின் நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் பெரிய வரி உயர்வு எதுவும் நிறைவேறவில்லை.

தாராளம்

2000களின் நடுப்பகுதியில் எண்ணெய் விலை ஏறியது, கஜானா நிரம்பியது. வருமான வரியின் உச்ச விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 6.65 சதவீதத்தில் இருந்தது 2012இல் 5.25 ஆனது. 2011இல் அமெரிக்காவின் வரிக்குறைப்பு வாதத்துக்கே முகமாக விளங்கிய பொருளாதாரவாதி ஆர்தர் லாஃபரின் நிறுவனமும் உள்ளூர்ச் சிந்தனைக் குழாம் ஒன்றும் சேர்ந்து, வருமான வரியை முற்றிலும் ஒழித்துவிடலாம் என்று அறிக்கை வெளியிட்டன. ஆளுநர் மேரி ஃபாலின் அதைக் கையில் எடுத்தார். 2012இல் அந்த முயற்சி பலிக்கவில்லை. 2013இல் நிறைவேறிய சட்டத்தை, தொடர்பில்லாத இரண்டு விஷயங்களை ஒரே மசோதாவில் கட்டியதற்காக மாநில உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 2014இல் மூன்றாவது முயற்சி வென்றது. வருவாய் மதிப்பீடு குறிப்பிட்ட அளவை எட்டினால் விகிதம் தானாகவே 5 சதவீதத்துக்கு இறங்கும் என்று அதில் ஒரு விசை வைத்தார்கள்.

அந்த விசை வேலைசெய்த விதம் அலாதியானது. 2014 டிசம்பரில், மாநில வருவாய் மதிப்பீட்டுக்குச் சான்றளிக்கும் வாரியம் கணக்கைப் பார்த்தது. நிபந்தனை நிறைவேறியதாகச் சான்றளித்தது. 2016 ஜனவரியில் வரிக்குறைப்பு அமலுக்கு வந்தபோது, 2014 நடுவில் நூறு டாலரைத் தாண்டியிருந்த எண்ணெய், பீப்பாய்க்கு முப்பது டாலருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. காலியாகும் கஜானாவிலிருந்து, எவரும் கையெழுத்துக்கூடப் போடத் தேவையில்லாமல், இன்னொரு பங்கு தானாகவே வெளியேறியது.

இதைவிட முக்கியம் எண்ணெய் வரி. பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாநிலம் விதிக்கும் மொத்த உற்பத்தி வரி 7 சதவீதம். கிடைமட்டமாகத் துளையிடும் முறை புதிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த காலத்தில், அதை ஊக்குவிக்க, அத்தகைய கிணறுகளுக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்கு 1 சதவீதம் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். நாளடைவில் புதிய கிணறுகளில் பெரும்பாலானவை கிடைமட்டக் கிணறுகளே ஆகிவிட்டன. விதிவிலக்கு விதியை விழுங்கிவிட்டது. 2015இல் சலுகை காலாவதியாகி வரி 7 சதவீதத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது. செசபீக், டெவன், காண்டினென்டல் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்து, 2 சதவீதத்தில் நிறுத்துங்கள் என்று கேட்டன. கேட்டது கிடைத்தது. 2015 ஜூலை முதல் புதிய கிணறு எதுவானாலும் முதல் 36 மாதங்களுக்கு 2 சதவீதம்.

அந்த நிறுவனங்களின் கணக்கும் சும்மா ஒதுக்கத்தக்கதல்ல. கிடைமட்டக் கிணறு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் பெரும்பகுதி எண்ணெயைக் கொட்டும், பிறகு வேகமாக வற்றும். துளையிடச் செலவழித்த பணம் கைக்குத் திரும்பும் காலத்தில் வரி குறைவாக இருந்தால் அடுத்த கிணறு தோண்ட முதலீடு இருக்கும் என்பது அவர்கள் வாதம். மாநிலத்தின் பார்வையில் இதே உண்மைதான் தலைவலி: எண்ணெய் பெருகும் காலத்தில் 2 சதவீதம், வற்றிய பிறகு 7 சதவீதம்.

இதில் எண்ணெய்த் துறையே இரண்டு பட்டது என்பது வெளியே அதிகம் பேசப்படாத சங்கதி. பழைய செங்குத்துக் கிணறுகளை வைத்திருந்த சிறு உற்பத்தியாளர்கள் 7 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களது அமைப்பு, பெரிய நிறுவனங்களும் 7 சதவீதமே கட்டட்டும் என்று வெளிப்படையாகப் பேசியது. எண்ணெய்க்காரர் எல்லாரும் ஒரே குரலில் வரியை எதிர்த்தார்கள் என்று எழுதுவது தவறு.

கையைக் கடித்தபோது

வருமான வரிக்குறைப்புகளால் மட்டும் மாநிலம் ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கு மேல் இழப்பதாக உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. 2016ஆம் ஆண்டின் பட்ஜெட் வேலையில் 130 கோடி டாலர் பள்ளம் விழுந்தது. நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரு நாளைக்கு 100 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது என்று உத்தரவு போனது, பெட்ரோல் செலவை மிச்சப்படுத்த. 2017 மார்ச்சில் கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் மாநிலத்தின் கடன் தரத்தைக் குறைத்தது.

பள்ளிகளில்தான் அடி பலமாக விழுந்தது. ஒரு மாணவருக்கு மாநிலம் சூத்திரப்படி தரும் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2008க்கும் 2018க்கும் இடையே ஏறத்தாழ 28 சதவீதம் சரிந்தது. அமெரிக்க மாநிலங்களில் இதுவே மிகப் பெரிய சரிவு. ஆசிரியர் சம்பளம் கடைசியாக உயர்ந்தது 2008இல். புதிதாகச் சேரும் ஆசிரியரின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 31,600 டாலர். ரெட் ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் டெக்சாஸ். டல்லாஸ் பக்கத்துப் பள்ளிகளில் தொடக்கச் சம்பளமே ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. 2016இல் மாநிலத்தின் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே அடுத்த ஆண்டு மூட்டை கட்டிக்கொண்டு டெக்சாஸ் போய்விட்டார். விருது பெற்றவரையே தக்கவைக்க முடியவில்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

காலியிடங்களை நிரப்ப ‘அவசரச் சான்றிதழ்’ என்று ஒரு ஏற்பாடு இருந்தது. உரிய பயிற்சி முடிக்காதவர்களுக்கும் பாடம் நடத்தத் தற்காலிக அனுமதி. 2011-12இல் மாநிலம் முழுவதிலும் இப்படி வழங்கியது 32 சான்றிதழ். 2017-18இல் அது ஏறக்குறைய 2,000. பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களில் ஐந்தில் ஒன்று வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்று மாறிவிட்டது. ஐந்தாம் நாள் பிள்ளைகளை எங்கே விடுவது என்பது பெற்றோரின் கவலை. அந்தப் பெற்றோர்தான் அலுவலகங்களிலும் எண்ணெய் வயல்களிலும் வேலை செய்பவர்கள்.

வணிகர்களின் கணக்கு இங்கேதான் மாறத் தொடங்கியது. வெளியூரிலிருந்து ஒரு பொறியாளரை வேலைக்கு அழைத்தால் அவர் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தை. இந்தப் பாடத்தை ஓக்லஹோமா நகரம் முன்பே ஒருமுறை படித்திருந்தது. 1991இல் யுனைடெட் விமான நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தைப் பெறப் போட்டியிட்டு இண்டியானாபொலிசிடம் தோற்ற பிறகு, நகரத்தின் தொழில் வர்த்தக சபை முன்னின்று, நகரை மேம்படுத்த ஒரு சென்ட் விற்பனை வரிக்கு 1993இல் மக்களிடம் ஆதரவு திரட்டியது. 2001இல் அதே வழியில் பள்ளிக் கட்டடங்களுக்காக, கடன் பத்திரங்களும் சேர்த்து, சுமார் 70 கோடி டாலர் திட்டத்தை நிறைவேற்றிக்காட்டியது. ஆகவே உள்ளூர் வணிகர்களுக்கு வரி என்ற சொல்லே ஆகாது என்பதில்லை. பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால், குறித்த காலத்துக்கு மட்டும் என்றால், அவர்கள் வரி கேட்டு வாக்குச் சேகரிக்கவும் செய்வார்கள். கட்டடத்துக்கு அப்படிப் பணம் திரட்டலாம். மாதச் சம்பளத்துக்கு அப்படித் திரட்ட முடியாது, அது ஒவ்வொரு ஆண்டும் மாநில பட்ஜெட்டிலிருந்து வரவேண்டியது.

2016இல் முன்னாள் ஆளுநரும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவருமான டேவிட் போரன் நேராக மக்களிடம் போனார். விற்பனை வரியில் ஒரு சென்ட் கூட்டினால் ஆண்டுக்கு 61.5 கோடி டாலர் வரும், ஆசிரியருக்கு 5,000 டாலர் உயர்வு தரலாம் என்றார். மாநில நகராட்சிகள் எதிர்த்தன. காரணம் எளிது: ஓக்லஹோமாவில் நகராட்சிகள் அன்றாடம் பிழைப்பதே விற்பனை வரியில்தான், அதன் மீது மாநிலமும் சுமையை ஏற்றினால் அவை பிறகு எதைக் கூட்டும்? நவம்பரில் 59 சதவீத வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். ஆசிரியர்களுக்கு எதிரான தீர்ப்பாக அதைப் படிக்க நான் தயாரில்லை. ஏழையின் மளிகைப் பையில் கைவைக்கும் வரி அது. அந்த மாநிலத்தில் அப்போது அரிசிக்கும் பாலுக்கும்கூட விற்பனை வரி உண்டு.

2017இல் சட்டமன்றம் குறுக்குவழி தேடியது. சிகரெட் பாக்கெட்டுக்கு 1.50 டாலரை ‘கட்டணம்’ என்று பெயர் சூட்டிச் சாதாரணப் பெரும்பான்மையில், கூட்டத்தொடரின் கடைசி ஐந்து நாட்களுக்குள் நிறைவேற்றியது. இது வரிதான், பெயரை மாற்றினால் வரி வரியல்லாமல் போகாது என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 21.5 கோடி டாலர் ஓட்டை. சிறப்புக் கூட்டத்தொடர் கூடியது. நவம்பர் 8 அன்று இன்னொரு வரித்தொகுப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 71, எதிர்ப்பு 27. ஐந்து வாக்கு குறைவு.

63

இந்தப் பின்னணியில்தான் ஸ்டெப் அப் கூட்டணி வந்தது. இவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் தேர்தல் செலவுக்குப் பணம் தருகிறவர்கள், தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்க வைக்கக்கூடியவர்கள். திட்டமும் அரைகுறையாக இல்லை. புதிய கிணறுகளுக்கான உற்பத்தி வரியை 2இலிருந்து 4 சதவீதமாக்குவது, சிகரெட்டுக்கு 1.50 டாலர், பெட்ரோல் டீசலுக்கு காலனுக்கு 6 சென்ட், காற்றாலை மின்சாரத்துக்கு ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு டாலர், வருமான வரியில் சில மாற்றங்கள். எல்லாம் சேர்த்து 70 கோடி டாலருக்கு மேல். இதனுடன் அரசு நிர்வாகச் சீர்திருத்தங்களையும் கோத்திருந்தார்கள்: வரி உயர்வுக்கான தடையை நான்கில் மூன்றிலிருந்து 60 சதவீதமாக இறக்குவது, ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே அணியாகப் போட்டியிடுவது, துறைத் தலைவர்களை ஆளுநரே நியமிப்பது.

பூட்டைத் தளர்த்தவேண்டும் என்று வணிகர்களே கேட்டதைத்தான் நான் இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான வரியாகக் கருதுகிறேன். வரி உயர்வை அரிதாக்கும் விதி அதுவரை அவர்களுக்குக் கவசமாக இருந்தது. அதன் சுமை இப்போது தங்கள் தொழிலின் மேலும் விழுகிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் தன்னலமும் இருந்தது. அப்போது எண்ணெய் வரியை மறுபடி 7 சதவீதமாக்கி அதை ஆசிரியர் சம்பளத்துக்கே ஒதுக்கவேண்டும் என்று மக்கள் மனு இயக்கம் ஒன்று கையெழுத்து வாங்கக் கிளம்பியிருந்தது. அதை நடத்தியவர் ஒரு காலத்தில் எண்ணெய்த் துறைக்காகவே சட்டமன்றத்தில் வாதாடியவர். வாக்குப்பெட்டியில் 7 கொடுப்பதைவிடப் பேச்சுவார்த்தையில் 4 கொடுப்பது லாபம். தன்னலம் இருந்ததால் மனமாற்றம் பொய் என்று சொல்லமாட்டேன். கொள்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் மாறுகின்றன. ஆனால் 4 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.

2018 பிப்ரவரி 12. ஆசிரியர்கள் பலர் தலைநகருக்கு வந்து மன்றத்தின் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாக்கு எண்ணிக்கை 63க்கு 35. நவம்பரில் கிடைத்த 71ஐவிட எட்டு குறைவு. பெருமுதலாளிகள் களத்தில் இறங்கிய பிறகு ஆதரவு கூடவில்லை, குறைந்தது.

இரண்டு பக்கமிருந்தும் வந்த எதிர்ப்பு அது. குடியரசுக் கட்சியில் ஒரு பகுதி, வரியை உயர்த்தமாட்டேன் என்று தொகுதியில் சத்தியம் செய்துவிட்டு வந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர், சுமை சிகரெட் பிடிப்பவன் மேலும் வண்டி ஓட்டுபவன் மேலும் விழுகிறது, எண்ணெய் நிறுவனங்கள் 4 சதவீதத்தோடு தப்பிக்கின்றன என்றார்கள். 76 வேண்டும் என்கிற அவையில் சிறு எதிர்க்கட்சிக்கும் வலு உண்டு. அது பேரம் பேசும், பேசவும் செய்தது. மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் முடிவுசெய்து கொண்டுவந்த தொகுப்பை, பேரத்தில் பங்கில்லாதவர்கள் ஏன் ஏற்கவேண்டும் என்ற கேள்விக்கு ஸ்டெப் அப்பிடம் பதில் இல்லை. ஆசிரியர் பெயரைச் சொல்லிச் சம்பளம் கேட்டார்கள். ஆனால் திட்டம் வகுத்த மேசை முதலாளிகளுடையது.

சாவிக்கொத்துகள்

தோல்விக்குப் பிறகு முதலில் அசைந்தது பார்ட்டில்ஸ்வில். பிலிப்ஸ் எண்ணெய் நிறுவனத்தைப் பெற்றெடுத்த ஊர் அது. அங்குள்ள பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர், மற்ற மாவட்டங்களின் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பினார்: பள்ளிகளை மூடிவிட்டு ஆசிரியர்களை அனுப்பத் தயாரா? பிப்ரவரி 22 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி, மார்ச் முதல் வாரத்தில் 5 சதவீத உயர்வோடு திரும்பினார்கள். ஸ்டில்வாட்டர் நகரத்து இளம் ஆசிரியர் ஒருவர் ஃபேஸ்புக்கில் தொடங்கிய குழுவில் சில நாட்களில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஏப்ரல் 2 என்று நாள் குறித்தார்கள். நைந்த அட்டையை ஒட்டுநாடாவால் கட்டிய பாடப்புத்தகங்களும் முதுகு உடைந்த நாற்காலிகளும் படங்களாக உலகம் சுற்றின. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இன்னும் அதிபராக இருக்கும் பாடநூலும் அவற்றில் உண்டு.

நாள் நெருங்க நெருங்கச் சட்டமன்றம் இளகியது. மார்ச் 26 அன்று பிரதிநிதிகள் அவை புதிய தொகுப்பை 79க்கு 19 என்று நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து செனட்டில் ஆதரவு 36, எதிர்ப்பு 10. சரியாக 36, ஒன்றுகூட உபரி இல்லை. மார்ச் 29 அன்று ஆளுநர் ஃபாலின் கையெழுத்திட்டார். சிகரெட்டுக்கு ஒரு டாலர், பெட்ரோலுக்கு 3 சென்ட், டீசலுக்கு 6 சென்ட். உற்பத்தி வரி 5 சதவீதம், அதுவும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த சலுகைக் கிணறுகளையும் சேர்த்து. மொத்தம் சுமார் 44.7 கோடி டாலர். ஆசிரியர்களுக்குச் சராசரியாக 6,100 டாலர் உயர்வு. ஜனவரியில் 4 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்ட எண்ணெய் நிறுவனங்கள் மார்ச்சில் 5 கட்டவேண்டியதாயிற்று.

ஆசிரியர் சங்கம் கேட்டது மூன்று ஆண்டுகளில் 10,000 டாலர், வகுப்பறைகளுக்கென 20 கோடி. கிடைத்தது அதைவிட மிகக் குறைவு என்பதால், சட்டம் வந்த பிறகும் ஏப்ரல் 2 அன்று அவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஏப்ரல் 12 வரை ஒன்பது பள்ளி நாட்கள். டல்சாவிலிருந்து ஒரு கூட்டம் 110 மைல் நடந்தே தலைநகர் வந்தது. அப்போது ஆளுநர் தொலைக்காட்சியில், நல்ல கார் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விடலைப் பிள்ளையைப் போல ஆசிரியர்கள் நடந்துகொள்கிறார்கள் என்று சொல்லிவைத்தார். மறுநாள் மன்றக் கட்டடத்தின் பளிங்குக் கூடங்களில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தங்கள் கார் சாவிக்கொத்துகளைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினார்கள்.

அந்த ஒன்பது நாட்களில் பெரிதாக எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பயம் ஏற்கனவே வேலை செய்து முடித்திருந்தது. வேலைநிறுத்தத்தைவிட வேலைநிறுத்த அறிவிப்புக்கு வலிமை அதிகம் என்று தொழிற்சங்கத்தில் பழுத்தவர்கள் சொல்வதற்கு இது நல்ல சான்று. அடி விழுந்தது தேர்தலில். வரி உயர்வை எதிர்த்து வாக்களித்த 19 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் எட்டுப் பேர் தங்கள் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்றார்கள். இன்னும் சிலர் போட்டியிடவில்லை. நவம்பர் தேர்தல் களத்துக்குத் தப்பி வந்தவர்கள் நான்கே பேர். இந்த மாநிலத்தில் வரி உயர்வை ஆதரித்தவர் தோற்பார் என்பது கால் நூற்றாண்டு நம்பிக்கை. எதிர்த்தவர்கள் தோற்ற ஆண்டு அது. சட்டத்தை மக்கள் வாக்குக்கு இழுத்து ரத்துசெய்ய முயன்ற மனுவையும் ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

பிறகு நடந்தவை

ஸ்டெப் அப் முன்வைத்த நிர்வாகச் சீர்திருத்தங்களில் சில பிற்பாடு வேறு வழியில் வந்தன. துறைத் தலைவர் சிலரை நியமிக்கும் அதிகாரம் 2019இல் புதிய ஆளுநர் கெவின் ஸ்டிட்டுக்குக் கிடைத்தது. அவரும் தொழிலதிபர்தான். ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே அணி என்பதை 2018 நவம்பரில் மக்கள் நிராகரித்தார்கள். 60 சதவீதம் என்ற யோசனை அப்படியே அமுங்கிப்போனது. என் கணிப்பில் அந்த ஆண்டின் உண்மையான இழப்பு அதுதான். சம்பள உயர்வு ஒருமுறை கொடுத்தால் ஆண்டுகள் ஓட ஓட விலைவாசி அதைத் தின்றுவிடும். விதியை மாற்றியிருந்தால் அடுத்த முறை ஆசிரியர்கள் தெருவுக்கு வரத் தேவையிருந்திருக்காது. வணிகர்கள் தங்கள் செல்வாக்கைச் செலவிட்டிருக்கவேண்டிய இடம் அது. வாக்கெடுப்பில் தோற்றதோடு அதைக் கைகழுவிவிட்டார்கள்.

2019இல் ஆசிரியர்களுக்கு இன்னும் சுமார் 1,200 டாலர் கூடியது. ஆனால் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. 2018-19இல் அவசரச் சான்றிதழ்கள் 3,000ஐத் தாண்டின. பத்தாண்டுகள் காயப்போட்ட துறைக்கு ஒரு சம்பள உயர்வு போதாது. கல்வியியல் கல்லூரிகளுக்குப் போகாமல் விட்ட இளைஞர்களை ஒரு சட்டத்தால் திரும்ப அழைக்க முடியாது.

2021இல் காற்று திரும்பியது. கஜானாவில் மறுபடி பணம் புரண்டது. வருமான வரியின் உச்ச விகிதம் 5இலிருந்து 4.75 சதவீதமாகவும், நிறுவனங்களின் வருமான வரி 6இலிருந்து 4 சதவீதமாகவும் இறங்கின. சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. 2023இல் வேறொரு விதமான கலவை வந்தது. ஆசிரியர்களுக்கு அனுபவத்தைப் பொறுத்து 3,000 முதல் 6,000 டாலர் வரை உயர்வு ஒரு பக்கம். தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பங்களுக்கு, ஒரு பிள்ளைக்கு 5,000 முதல் 7,500 டாலர் வரை வரிச்சலுகை இன்னொரு பக்கம். வரிக்குறைப்பா, கல்வி நிதியா என்று இரண்டாக இருந்த கேள்வியை அந்தச் சலுகை ஒன்றாக்கிவிட்டது: வரியைக் குறைப்பதே கல்விக்குச் செய்யும் உதவி என்று இப்போது வாதாடலாம்.

2024 ஆகஸ்டில் மளிகைப் பொருட்கள் மீதான 4.5 சதவீத மாநில விற்பனை வரி நீங்கியது. போரன் திட்டத்தை எதிர்த்த ஏழைக் குடும்பங்களுக்கு அது நியாயமான ஆறுதல். 2025இல் நிறைவேறிய சட்டம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 2026 முதல் 4.5 ஆக்குகிறது. வருவாய் வளர்ச்சி குறித்த அளவை எட்டும்போதெல்லாம் விகிதம் மேலும் இறங்கி, கடைசியில் பூஜ்யத்தைத் தொடுவதற்கான விசையும் அதில் இருக்கிறது. 2014 டிசம்பரில் அப்படியொரு விசை எப்படி இயங்கியது என்பதை அறிந்தவர்கள் அந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 640ஆம் திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.